எங்க ஆச்சிக்கும் புனலூருக்கும் நடுவே 676 மில்லிமீட்டர்!

"மச்சி, உனக்கு எந்த ஊர்?"

"செங்கோட்டை."

"ஓ... ஆகஸ்ட் 15ல பிரதமர் கொடி ஏத்துவாரே, அந்த இடமா?"

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் ஆரம்பித்த கலாய்ப்பு இது. அஞ்சாவது செமஸ்டர் வந்தும் ஓயவில்லை. பாஸ், அது டெல்லி! எங்க ஊர் தென்காசிக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற செங்கோட்டை. இங்கே பிரதமர் வருகிறாரோ இல்லையோ, ஜூன் பிறந்தால் குற்றாலச் சாரல் கரெக்டாக வந்துவிடும்.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, ராத்திரி முழுக்கத் தூங்கி, காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினால் எங்க ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. 'உங்க ஊரைப் பத்தி ஏதாவது எழுதிட்டு வாங்க தம்பி' என்று ஆபீஸில் சொன்னதும், எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த ஸ்டேஷன்தான். காரணம், எங்க ஆச்சி!

ஆச்சி பிறந்தது புனலூரில். வாக்கப்பட்டு வந்தது செங்கோட்டைக்கு. இரண்டுக்கும் நடுவே 49 கிலோமீட்டர் ரயில் பாதை. "1968ல தாலி கட்டின கையோட ரயில்ல ஏத்தி இங்க கொண்டாந்து இறக்கினாவ. அன்னைல இருந்து எனக்கு இந்த டேசன்தாம்ல அம்மா வீட்டு வாசப்படி" என்பார். ஸ்டேஷனை 'டேசன்' என்றுதான் சொல்வார். திருத்தினால் திட்டு விழும்!

ஒரே கதவு!

இன்றைக்கு நம்மில் பலருக்கும் செங்கோட்டை என்றால் ரயில் போர்டில் கடைசியாக வரும் ஊர். ஆனால், ஒரு காலத்தில் இது ஒரு ராஜ்யத்தின் கதவு. நம்ப முடிகிறதா?

திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902ல் ரயில் வந்தது. 1903ல் செங்கோட்டை வரை நீண்டது. 1904ல் மலையைக் குடைந்து, புனலூர் வழியாகக் கொல்லம் வரை போய்ச் சேர்ந்தது. எல்லாம் மீட்டர் கேஜ். தென்னிந்திய ரயில்வே கம்பெனி, சென்னை மாகாண அரசு, திருவிதாங்கூர் சமஸ்தானம் மூன்றும் கைகோத்துப் போட்ட பாதை இது. அப்போது செங்கோட்டை இருந்தது திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குள். பக்கத்திலேயே இருக்கும் தென்காசி பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லாவில்! எங்க ஊர் நுழைவு வளைவில் இன்றைக்கும் திருவிதாங்கூர் சங்கு முத்திரையைப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1ல்தான் நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் ஆனோம்.

இப்போது மேட்டருக்கு வருவோம். கொல்லம் பாதை 1918ல் திருவனந்தபுரம் வரை நீண்டது. ஆனால், அந்தப் பக்கம் கொச்சியிலிருந்து கோட்டயம் வழியாக வந்த பாதை கொல்லத்தைத் தொட்டது 1958 ஜனவரியில்தான். அதாவது, அதுவரை திருவனந்தபுரத்தில் ரயில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும், சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டும் என்றால் செங்கோட்டையைத் தாண்டாமல் போக முடியாது. ராஜ குடும்பமானாலும் சரி, வக்கீல் படிக்கப் போகிற பையனானாலும் சரி, எங்க ஸ்டேஷன் தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். சும்மாவா!

1927ல் விருதுநகரிலிருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்கு இன்னொரு பாதையும் வந்தது. கிழக்கே இருந்து இரண்டு கை, மேற்கே ஒரு கை... அப்படித்தான் இந்த ஊர் நாலு பக்கத்தோடும் ஒட்டிக்கொண்டது.

இந்த ஒட்டுதலை வரலாற்றுப் புத்தகத்திலும் பார்க்கலாம். வாஞ்சிநாதன் எங்க ஊர்க்காரர். வேலை பார்த்தது புனலூரில், வனத்துறையில். 1911 ஜூன் 17ல் கலெக்டர் ஆஷை அவர் சுட்டது மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயிலில். பிறந்த ஊர், வேலை பார்த்த ஊர், உயிரை விட்ட ஊர் மூன்றையும் வரைபடத்தில் வைத்து ஒரு கோடு போடுங்கள். அது ரயில் பாதையாகத்தான் இருக்கும். அந்த ஜங்ஷனுக்கு இன்று பெயரே 'வாஞ்சி மணியாச்சி'!

முன்னாடி ஒண்ணு... பின்னாடி ஒண்ணு!

செங்கோட்டையைத் தாண்டினால் பகவதிபுரம். அப்புறம் குகை. குகையைத் தாண்டினால் ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், இடமண், புனலூர். பெயர்களைச் சொல்லும்போதே மலையாள வாசனை அடிக்கிறதா? ஆரியங்காவு சாஸ்தா கோயில் கல்யாண உற்சவத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர சமூகத்தார் பெண் வீட்டாராகப் போகிறார்கள், இன்று வரைக்கும். சாமிக்கே இந்தப் பக்கம் மாமியார் வீடு!

ஸ்டேஷன் வாசலில் ஓய்வு பெற்ற ரயில்வே தாத்தா ஒருவர் மாட்டினார். "பேரெல்லாம் போடாதீங்க தம்பி, பென்ஷன்காரன்" என்று உஷாராக ஆரம்பித்தவர், டீ வாங்கிக் கொடுத்ததும் கியர் மாற்றினார்.

"இது சமவெளி லைன் இல்ல தம்பி, மலை ஏத்தம். ஒரு எஞ்சின் மட்டும் இழுத்தா போதாது. முன்னாடி ஒண்ணு இழுக்கும், பின்னாடி ஒண்ணு தள்ளும். அதை பேங்கர்னு சொல்லுவோம். முன்னாடி டிரைவர் ஒரு விசில் குடுத்தா, பின்னாடி டிரைவர் பதில் விசில் குடுப்பாரு. 'ரெடியா?'ன்னு கேக்கிற மாதிரி, 'ரெடி!'ன்னு சொல்ற மாதிரி. மழை பெய்ற ராத்திரியில மலைக்குள்ள அந்த ரெண்டு விசிலும் கேக்கும் பாருங்க... வீட்ல படுத்துக்கிட்டே எந்த வண்டின்னு சொல்லிடுவேன்."

கழுதுருட்டி பக்கம் ரோட்டோரமாகவே நிற்கிறதே, 13 கண் பாலம்... ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். கல் தூண்களின் மேல் 13 வளைவுகள். நூறு வருஷத்துக்கும் மேல் ரயிலைத் தாங்கிய பாலம். அகலப் பாதை போட்டபோது அதை இடிக்கவில்லை, பலப்படுத்தி அப்படியே வைத்துக்கொண்டார்கள். சிவில் ஸ்டூடன்ட் என்ற முறையில் அந்தக் காலத்து கொத்தனார்களுக்கு ஒரு சல்யூட்!

ஆச்சிக்குப் பாலமெல்லாம் ரெண்டாம்பட்சம். "தென்மலையில பலாச்சுளை விப்பாவ. கொல்லத்து மீன் கூடையோட பொம்பளையாளுக ஏறுவாவ. நாங்க இங்கிருந்து அரிசி, கத்திரிக்கா கொண்டு போவோம். அங்கிருந்து கப்பக்கிழங்கு, தேங்கா கொண்டாருவோம். மாசம் ஒருக்கா நானாவது போவேன், இல்லாட்டி தங்கச்சியாவது வருவா" என்பார். அந்தத் தங்கச்சிதான் என் சின்னாச்சி. புனலூரிலேயே கட்டிக் கொடுத்தார்கள். அரைத் தமிழ், அரை மலையாளம் கலந்து பேசுவார். என்னைக் கூப்பிடுவது 'மோனே' என்று. கையில் எப்போதும் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம்!

ரெண்டு மார்க் கேள்வி

இங்கேதான் என் பாடப் புத்தகம் உள்ளே வருகிறது. ரயில்வே இன்ஜினீயரிங்கில் ரெண்டு மார்க் கேள்வி ஒன்று உண்டு: 'கேஜ் என்றால் என்ன?' இரண்டு தண்டவாளங்களின் உள்பக்கத்துக்கு நடுவே உள்ள தூரம். மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். வித்தியாசம் 676. நம்ம டிராயிங் போர்டு அகலம்கூட இருக்காது!

நாடு முழுக்க ஒரே கேஜ் வேண்டும் என்று 1992ல் திட்டம் தொடங்கியது. அதில் நியாயம் இருக்கிறது. கேஜ் மாறுகிற இடத்தில் ஆளும் இறங்கி மாற வேண்டும், மூட்டையும் இறங்கி மாற வேண்டும். செங்கோட்டையே அப்படி நின்றது. விருதுநகர் பக்கமிருந்து 2004ல் பிராட் கேஜ் வந்துவிட்டது. புனலூர் பக்கம் மீட்டர் கேஜ். ஒரே ஸ்டேஷனில் ரெண்டு சைஸ் தண்டவாளம்! சென்னையிலிருந்து வருகிற ரயில் இங்கே மூச்சு வாங்கி நின்றுவிடும். கொல்லம் போகிறவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு குட்டி ரயிலுக்கு ஓட வேண்டும்.

அந்தக் குட்டி ரயில் 2010 செப்டம்பரில் நின்றது. எனக்கு அப்போது அஞ்சு வயசு. கடைசி வாரத்தில் ஆச்சி என்னைக் கூட்டிக்கொண்டு புனலூர் போய் வந்தது மங்கலாக ஞாபகம் இருக்கிறது. பெட்டி முழுக்கக் கூட்டம். எஞ்சினைத் தொட்டுக் கும்பிட்டவர்களும் இருந்தார்கள். குகைக்குள் போனதும் எல்லோரும் 'ஓ...' என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். ஆச்சி மட்டும் கத்தவில்லை.

"சீக்கிரம் பெரிய வண்டி வந்திரும் ஆச்சி" என்று அப்பா சமாதானம் சொன்னார். திருநெல்வேலி - தென்காசி வேலை முடிந்து 2012லேயே பெரிய வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால், மலை அப்படி விடுமா? பிராட் கேஜ் பெட்டி அகலம், உயரம் எல்லாமே கூடுதல். குகைகளைப் பெரிதாக்க வேண்டும். பாலங்களைப் பலப்படுத்த வேண்டும். சுற்றிலும் காடு. அதோடு எங்க மலையில் மழைக்காலம் வருஷத்துக்கு ரெண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. நடுவில் கிடைக்கிற நாட்களில்தான் வேலை. புத்தகத்தில் ஒரு வரியில் முடிகிற கேஜ் மாற்றம், மலைக்குள் ஏழு வருஷத்துக்கும் மேல் ஆனது.

'பஸ் இருக்குல்ல?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. ஆனால், ஆச்சிக்கு மலை ரோட்டின் வளைவுகள் ஆகாது. பஸ் ஆரியங்காவு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்து, புனலூரில் இறங்கும்போது ஆளே பாதியாகியிருப்பார். மாசம் ஒருக்கா என்பது வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆனது. அப்புறம் கல்யாணம், காது குத்துக்கு மட்டும் என்று ஆனது. சின்னாச்சிக்கோ முட்டி வலி, பஸ் படி ஏற முடியாது. இரண்டு பேரும் போனில் பேசுவார்கள். ஆச்சிக்குக் காது சரியாகக் கேட்காது. அந்தப் பக்கம் சின்னாச்சி கத்துவார், இந்தப் பக்கம் ஆச்சி கத்துவார். நாங்கள் சிரிப்போம்.

ஐப்பசி மழை

2015 ஐப்பசி. விடாத மழை. விடிகாலை மூணு மணிக்குப் போன் வந்தது. சின்னாச்சி இறந்துவிட்டார்.

கார் பிடித்துக் கிளம்பினோம். மலை ரோட்டில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. முன்னாடியும் பின்னாடியும் லாரிகள். மரத்தை அறுத்து எடுக்கும் வரை கார் நகரவில்லை. ஆச்சி ஜன்னல் வழியாக மேலேயே பார்த்துக்கொண்டு இருந்தார். அங்கே ரயில் பாதை போகிற மேடு. அதில் தண்டவாளம் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "மழை வலுத்துரும்னு எடுத்துட்டோம் பெரியம்மா" என்று சின்னாச்சி மகன் அழுதார். ஆச்சி அழவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "முகத்தைப் பாக்க விடலியே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். யாரை நினைத்து அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அப்போது பத்து வயசு.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாறையை உடைக்கிற வேலை எவ்வளவு கஷ்டம் என்று இப்போது படிக்கிறேன். அந்த வேலையைச் செய்தவர்களும் அதே மழையில்தான் நின்றார்கள். இருந்தாலும், அந்தத் திண்ணை மறக்க மாட்டேன் என்கிறது.

பெரிய வண்டி வந்துருச்சு!

2018 ஜூன் 9ல் புனலூர் - செங்கோட்டை அகலப் பாதை முறைப்படி திறக்கப்பட்டது. ஊரே திருவிழா மாதிரி இருந்தது. நான் எட்டாம் கிளாஸ் முடித்திருந்தேன். அந்த வருஷமே அப்பா ஆச்சிக்கு டிக்கெட் எடுத்தார். விடிகாலை ரயில். நானும் கூட ஏறினேன்.

ஆச்சி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பகவதிபுரம் தாண்டிக் குகை வந்தது. பசங்கள் எல்லாம் 'ஓ...' என்று கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால்... ஆச்சியும் கத்துகிறார்! பொக்கை வாயோடு, கண்ணெல்லாம் தண்ணியோடு. தென்மலை வந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. "பலாச்சுளை விக்கிறாவளா பாரு மக்கா" என்றார். யாரும் விற்கவில்லை.

புனலூரில் இறங்கினோம். புது பிளாட்பாரம், புது பெஞ்ச். ஆச்சி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "வண்டி வந்துச்சுன்னா ஓடி வந்து நிப்பா. இன்னைக்குத்தான் யாருமில்ல."

இப்போது எங்க ஸ்டேஷன் மறுபடி சுறுசுறுப்பு. சென்னைக்குப் பொதிகை, சிலம்பு. மயிலாடுதுறைக்கு ஒரு ரயில். சென்னை - கொல்லம் எக்ஸ்பிரஸ், மதுரை - குருவாயூர் எக்ஸ்பிரஸ் எல்லாம் மலையேறிப் போகின்றன. பாலருவி எக்ஸ்பிரஸ் 2024லிருந்து தூத்துக்குடி - பாலக்காடு. குருவாயூர் பக்தர், கொல்லத்து வியாபாரி, கேரள ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், நம்ம ஊர்க் கல்லூரிக்கு வருகிற மலையாளப் பசங்க... எல்லோரும் இந்த வழியாகத்தான். இப்போதும் மலை ஏற பின்னாடி ஒரு எஞ்சின் தள்ளுகிறது. இன்னொரு ஜாலி தகவல்: கேரளாவுக்குள் இருந்தாலும் புனலூர் ஸ்டேஷன் மதுரை ரயில்வே கோட்டத்தைச் சேர்ந்தது! எல்லைக் கோடு போட்டவர்களால்கூட இந்த இரண்டு ஊரையும் முழுசாகப் பிரிக்க முடியவில்லை.

நீங்களும் ஒரு ட்ரிப் அடிக்கலாமே!

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீஸன். பகல் வெளிச்சத்தில் மலையைக் கடக்கிற ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். செங்கோட்டை - புனலூர் சுமார் ரெண்டு மணி நேரம். ஜன்னல் சீட்டுக்கு முன்கூட்டியே துண்டு போட்டு வைப்பது உத்தமம். 13 கண் பாலத்தை ரோட்டிலிருந்தே அழகாகப் பார்க்கலாம். தண்டவாளத்தில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம் பாஸ். புனலூரில் இறங்கினால் 1877ல் கட்டி முடித்த தொங்கு பாலம் இருக்கிறது. திரும்பி வரும்போது பிரானூர் பார்டரில் புரோட்டா கட்டாயம்!

இதை எழுதி முடித்துவிட்டு ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "உங்க பரீட்சையில இதெல்லாம் கேப்பாவளா?" என்றார்.

கேட்பார்கள். 'கேஜ் மாற்றத்தின் நன்மைகளை விவரி' என்று எட்டு மார்க்குக்குக் கேட்பார்கள். வேகம், எடை, நேரடி ரயில், ஒரே வகை எஞ்சின் என்று ஆறு பாயின்ட் எழுதினால் மார்க் விழும். அடுத்த தடவை ஏழாவதாக ஒன்று எழுதப் போகிறேன்: 'பாதையை மூடுவதற்கு முன்னால், அதுவரை அதில் போய் வந்தவர்கள் இனி எப்படிப் போவார்கள் என்பதையும் பிளானில் எழுத வேண்டும். எத்தனை பேர் என்று மட்டும் இல்லை, யார் யார் என்றும்.'

அதற்கு மார்க் விழுமா என்று தெரியவில்லை. திருத்துகிறவர் ஆச்சியாக இருந்தால், நான் பாஸ்!